பதம் பார்த்துச் செதுக்குங்கள்: மண்பாண்டத்தில் சித்திரம் வெட்டப் பழகுவோருக்கு

காரைக்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கொட்டகைக்கு மண் வேலை பழக வருகிறவர்கள் முதல் நாள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "செதுக்க என்ன டூல் வாங்கணும்?" மை தீர்ந்த ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுத்து நீட்டுவேன். கொஞ்சம் தயங்குவார்கள். ஆனால் அந்தப் பேனாவை வைத்தே சாயங்காலத்துக்குள் ஒரு கோலத்தை நன்றாக வெட்டி முடித்துவிடுவார்கள். நான் கொடுக்கிற ஓடு சரியான பதத்தில் இருப்பதுதான் காரணம். அதே ஆள் வீட்டுக்குப் போய், ஆன்லைனில் வாங்கிய டூல் பெட்டியைத் திறந்து வைத்து, பதம் தவறிய மண்ணில் வெட்டினால் கோடு பிய்யும், விளிம்பு உதிரும். இந்த வேலையில் பாதிக்கு மேல் பதம்தான். அதனால் இங்கேயும் அதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

இதைப் பழகுவதற்குச் செட்டிநாட்டைப் போல வசதியான ஊர் கிடைப்பது கஷ்டம். கண்ணைத் திருப்பினால் சித்திரம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை வீடுகளின் பர்மா தேக்கு வாசல் நிலைகளில் கொடியும் கிளியும் யாளியும் கஜலட்சுமியும் இருக்கின்றன. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் போடும் நடுவீட்டுக் கோலம் இருக்கிறது. கண்டாங்கிச் சேலையின் கட்டம் இருக்கிறது. ஆனால் நிலையில் இருக்கும் கஜலட்சுமியை முதல் வாரமே மண்ணில் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். கோடும் கட்டமும் கைக்கு வந்தபிறகு கொடி, அப்புறம் கிளி, கடைசியில் உருவம். இந்த வரிசையில் போனால் கை தானாகத் திருந்தும்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைக் காட்டி "இதை எப்படிச் செதுக்கினார்கள்?" என்று கேட்கிறவர்களும் உண்டு. அது செதுக்கியதும் இல்லை, சுட்டதும் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, பிரிவு பிரிவாகச் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. கண்ணாடியில் பட்ட பக்கம்தான் அந்த வழுவழுப்போடு மேலே வருகிறது. நம் வேலை வேறு. ஆனாலும் ஒரு முறை ஆத்தங்குடிக்குப் போய் அந்த அச்சுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு சதுரத்தை எப்படிப் பிரித்தால் நான்கு சதுரம் சேரும்போது பூ விழும் என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லித்தராது.

மண்

எங்கள் பக்கத்துக் கண்மாய்க் களிமண்ணிலேயே பழகலாம். பானை வனையும் வேளார் வீடுகளில் கேட்டால் மிதித்துப் பக்குவப்படுத்திய மண்ணாகவே கிடைக்கும். மானாமதுரைப் பக்கம் போகிறவர்கள் அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம். கடத்துக்குப் பேர்போன ஊர், அதன் மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் பானை மண்ணில் மணல் சேர்ந்திருக்கும். அடுப்பில் ஏறுகிற பானைக்கு அந்த மணல் வேண்டும், சூட்டைத் தாங்க வைப்பது அதுதான். செதுக்குகிறவர்களுக்கோ அது தொந்தரவு. கருவியின் நுனி ஒரு மணலில் இடித்தால் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஓடிக்கொண்டிருந்த கோட்டின் நடுவில் ஒரு சிராய்ப்பு விழும்.

அதனால் மண்ணை நன்றாகக் காயவைத்து உடைத்து, வாளித் தண்ணீரில் ஒரு நாள் ஊறவிடுங்கள். காய்ந்த மண்தான் சீக்கிரம் கரையும், ஈரமண் கட்டி கட்டியாக நிற்கும். கரைந்ததும் கலக்கி, மாவுச் சல்லடையில் வடியுங்கள். தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, மிச்சக் குழம்பைப் பழைய வேட்டியில் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு மூன்று நாளில் பிசைகிற பதத்துக்கு வந்துவிடும். மணல் முழுவதையும் எடுத்துவிட்டால் மண் அதிகமாகச் சுருங்கும், வெடிக்கும். அதனால் மிக மெல்லிய மணலில் ஒரு கைப்பிடியைத் திரும்பச் சேர்ப்பது என் வழக்கம். காற்றுக்குமிழ் இல்லாமல் பிசைவது முக்கியம். சப்பாத்தி மாவை மடித்து மடித்து அழுத்துவது போல ஐம்பது அறுபது தடவை.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் பாக்கெட்டில் வரும் ஸ்டோன்வேர் மண் வாங்கலாம். அது 1200 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட வேண்டிய மண். புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பழகியவர்கள் மூலம் இந்த வகை மண் வேலை பல ஊர்களுக்குப் போயிருக்கிறது. சுடுவதற்கு ஏற்ற சூளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டு வாங்குங்கள். முதல் மூன்று மாதத்துக்குக் கண்மாய் மண்ணே போதும்.

ஆறு ஓடு, ஆறு கோடு

குவளையிலோ பூச்சாடியிலோ தொடங்காதீர்கள். தட்டையான ஓட்டில் தொடங்குங்கள். ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள இரண்டு மரச்சட்டங்களை இணையாக வைத்து, நடுவில் துணி விரித்து, அதன் மேல் மண்ணைப் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் தேயுங்கள். கட்டை இரண்டு சட்டத்தின் மேலும் உருண்டால் கனம் எங்கும் ஒன்றாக இருக்கும். பன்னிரண்டு சென்டிமீட்டர் சதுரமாக ஆறு ஓடு வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டிய ஓட்டை விரலால் தூக்கினால் வளையும், வளைந்ததைத் தட்டி நேராக்கினாலும் சூளையில் திரும்ப வளையும். பலகையோடு சேர்த்தே நகர்த்துங்கள்.

இனி பயிற்சி. ஆறு ஓட்டையும் நிழலில் வரிசையாக வையுங்கள். மின்விசிறி வேண்டாம். வெட்டியவுடனே முதல் ஓட்டில் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவதில். அடுத்த மணியில் மூன்றாவதில். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மணியைக் கீறி வையுங்கள். கடைசி ஓட்டை மட்டும் அடுத்த நாள் காலைக்கு விட்டுவிடுங்கள்.

நடப்பதைக் கவனியுங்கள். முதல் ஓட்டில் பேனா போகிற வழியெல்லாம் இரண்டு பக்கமும் மண் வரப்புக் கட்டும், நுனியில் பிசுபிசுவென்று ஒட்டும். நடுவில் ஏதோ ஒரு ஓட்டில் திடீரென்று எல்லாம் மாறும். கோடு சுத்தமாக விழும். பள்ளத்தில் இருந்து மண், பென்சில் சீவும்போது வருகிற சுருள் போல, சன்னமாகச் சுருண்டு எழும். அந்தச் சுருளை விரலில் எடுத்து நசுக்கிப் பாருங்கள், ஒட்டாமல் மடங்கும். அதுதான் நமக்கு வேண்டிய பதம். ஸ்டூடியோக்காரர்கள் லெதர் ஹார்ட் என்பார்கள், நான் தோல்பதம் என்று சொல்லிப் பழகிவிட்டேன். மறுநாள் ஓட்டில் சுருள் வராது, பொடிதான் வரும். கோட்டின் ஓரம் ரம்பப் பல் போல உடைந்திருக்கும்.

இந்த ஆறு ஓட்டையும் தூக்கிப் போடாமல் காயவைத்துச் சுட்டு, சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். எந்த மணியில் எப்படி விழுந்தது என்பதற்கு உங்கள் ஊர்க் காற்றும் உங்கள் மண்ணும் எழுதிக் கொடுத்த அட்டவணை அது. எங்கள் கொட்டகையில் கத்திரி வெயிலில் மூன்று நான்கு மணி நேரத்திலேயே தோல்பதம் வந்து போய்விடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே ஓடு இரண்டு நாள் ஆனாலும் நெகிழ்ந்தே கிடக்கும். வேறு ஊர்க்காரர் சொல்லும் மணிக்கணக்கை நம்பி வெட்ட முடியாது என்பது இதனால்தான்.

பேனா இல்லாமலும் பதம் பார்க்கலாம். பெருவிரலால் அழுத்தினால் ரேகை விழ வேண்டும், குழி விழக்கூடாது. நகத்தால் கீறினால் கோடு பளபளப்பாகத் தெரியும். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும். உள்ளே தண்ணீர் இருந்து ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை அந்தக் குளிர்ச்சி போகாது. முழுக்கக் காய்ந்துவிட்டால் நிறம் வெளுக்கும், குளிர்ச்சியும் போய்விடும்.

எங்கள் தெரு ஆச்சி ஒருவர் அறுபது வயதுக்கு மேல் பழக வந்தார். மூன்றாவது நாளே மற்ற எல்லாரையும்விடச் சரியாகப் பதம் சொன்னார். அதிரசப் பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருட்டிப் பார்த்து, இந்த நொடி இறக்கணும் என்று ஐம்பது வருஷமாக முடிவு செய்த விரல் அது. கம்பிப்பதம், உருட்டுப்பதம் என்று பாகில் வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு மண் புதிதாகச் சொல்வது கொஞ்சம்தான். சமையல் தெரிந்தவர்கள் தயங்காமல் வாருங்கள்.

பதம் வந்தபின் அதைப் பிடித்து வைப்பது அடுத்த வேலை. ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றி இறுகவிடுங்கள். அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஓட்டை உள்ளே வைத்து மூடினால் ஒரு வாரமானாலும் தோல்பதம் மாறாது. வேலைக்குப் போகிறவர்கள், குழந்தைகளை வைத்திருப்பவர்கள் எல்லாரும் இந்த டப்பாவை முதலில் செய்துகொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்கு அரை மணி நேரம் கிடைத்தாலும் அன்றைக்குக் கொஞ்சம் வெட்டலாம்.

கருவிகள்

மை தீர்ந்த பேனா மெல்லிய கோட்டுக்கு. சைக்கிள் கம்பியை ஒரு முனையில் கூராக்கினால் அதைவிடச் சன்னமான கோடு. கொண்டை ஊசியை வளைத்து, மூங்கில் குச்சியில் நூலால் இறுக்கிக் கட்டினால் மண்ணை வழித்தெடுக்கும் வளையக் கருவி. ஆக்சா பிளேடை உடைத்துச் சாய்வாகத் தீட்டினால் கத்தி. லினோ கட்டர் என்று ஸ்டேஷனரி கடையில் கிடைப்பது ‘வி’ பள்ளம் வெட்ட மிகவும் ஏற்றது. செலவழிப்பதென்றால் அதற்கும் ஒரு சுழல்தட்டுக்கும் செலவழியுங்கள். ஒரு மெல்லிய தூரிகை, ஒரு ஸ்பாஞ்சு. இவ்வளவுதான்.

சித்திரத்தை மண்ணுக்கு மாற்றுவது

நேரடியாக மண்ணில் வரைய வேண்டாம். முதலில் டிரேசிங் தாளில் வரையுங்கள். ஓடு தோல்பதத்துக்குச் சற்று முன்பு இருக்கும்போது தாளை மேலே வைத்து, பேனாவால் மெதுவாகக் கோட்டின் மேல் போனால் கீழே மண்ணில் தடம் விழும். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேலே தொடருங்கள். யாருடைய வீட்டு நிலையையாவது பார்த்து வரைவதாக இருந்தால் கேட்டுவிட்டு வரையுங்கள். பல வீடுகளில் ஒரு மருமகப் பிள்ளையை உட்கார வைப்பது போலத் திண்ணையில் உட்கார வைத்துக் காபி கொடுத்துவிட்டுத்தான் வரையவே விடுவார்கள்.

குவளை, கிண்ணம் என்று வளைந்த பரப்புக்குப் போகும்போது சுற்றளவைச் சமமாகப் பிரிப்பதில்தான் புதியவர்கள் சிக்குவார்கள். எட்டுப் பூ வரைய ஆரம்பித்து, கடைசிப் பூவுக்கு இடம் போதாமல் போகும். இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. செய்தித்தாளில் ஒரு கீற்று வெட்டி, குவளையைச் சுற்றி, இரண்டு முனையும் சேரும் இடத்தில் நறுக்குங்கள். கீற்றை எடுத்துப் பாதியாக மடியுங்கள், திரும்பப் பாதி, இன்னொரு பாதி. பிரித்தால் எட்டுச் சம பாகம், மடிப்புக் கோட்டோடு. திரும்பக் குவளையில் சுற்றி, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி வைத்தாயிற்று, இனிமேல் கோலம் போடத் தெரிந்தவர்களுக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை. கிண்ணத்தின் வாய்க்கும் அடிக்கும் தனித்தனிக் கீற்று எடுக்க மறக்காதீர்கள், சுற்றளவு வேறு வேறு.

வெட்டும் முறைகள்

முதலில் கீறல். கருவியைப் பென்சில் போலப் பிடித்து, சுண்டுவிரலை ஓட்டின் மேல் ஊன்றிக்கொள்ளுங்கள். ஊன்றாத கை நடுங்கும். கோட்டை உங்களை நோக்கி இழுங்கள், வெளியே தள்ள வேண்டாம். வளைவு வரும்போது கையைத் திருப்பாமல் ஓட்டைத் திருப்புங்கள், சுழல்தட்டு அதற்குத்தான். ஒரே இழுப்பில் ஆழமாகப் போக முயல வேண்டாம். முதல் தடவை தடம், இரண்டாவது ஆழம். ஓரத்தில் எழுகிற பிசிறை அப்போதே துடைக்கத் தோன்றும். தொடாதீர்கள். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் அது கோட்டுக்குள்ளேயே போய் அடைத்துக்கொள்ளும். நன்கு காய்ந்தபின் ஈரமான ஸ்பாஞ்சால் ஒரே தடவை மெதுவாகத் தடவினால் தானாகப் போய்விடும்.

கீறலைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். கீழடியும் எங்கள் சிவகங்கை மாவட்டம்தான். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று தமிழி எழுத்தில் பேர் கீறியிருக்கிறது. எழுத்து இல்லாத குறியீடுகளும் நிறைய. அருங்காட்சியகத்துக்குப் போனால் கண்ணாடிக்கு அருகே குனிந்து அந்தக் கோடுகளின் ஓரத்தைப் பாருங்கள். சில கோடுகளின் ஓரம் வழவழவென்று இருக்கும், சிலவற்றில் பொறிப்பொறியாகத் தெறித்திருக்கும். ஈரத்தில் கீறியதற்கும் சுட்டபின் கீறியதற்கும் உள்ள வித்தியாசம் அது. ஆறு ஓட்டுப் பயிற்சியை முடித்தவர்களுக்கு அது பார்த்தவுடன் பிடிபடும்.

அடுத்தது செதுக்கல். இதற்கு இரண்டு வெட்டு. கோட்டின் மேல் கத்தியை நேராக இறக்கி ஒரு வெட்டு. பிறகு பக்கத்தில் இருந்து சாய்வாக, முதல் வெட்டின் அடியைத் தொடும்படி இன்னொரு வெட்டு. நடுவில் உள்ள மண் துண்டாக வெளியே வந்துவிடும். நேர்வெட்டுப் பக்கம் நிழலும் சாய்வுப் பக்கம் வெளிச்சமும் விழும். அந்த நிழல்தான் சித்திரம். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து வெட்டினால் ஒவ்வொரு வெட்டும் என்ன நிழல் தருகிறது என்று உடனே தெரியும். நேரே மேலிருந்து விளக்கு விழுந்தால் ஒன்றும் தெரியாது. முற்றத்து வெளிச்சம் கிடைக்கிறவர்கள் அதிர்ஷ்டக்காரர்கள். கொடியின் இலையைப் புடைப்பாகக் கொண்டுவர வேண்டுமென்றால், இலையைச் சுற்றி நேர்வெட்டு போட்டுவிட்டு, வெளியே உள்ள தரையை வளையக் கருவியால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வழித்தெடுங்கள். இலை தானாக மேலே நிற்கும்.

எவ்வளவு ஆழம்? கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். செதுக்கப் போகிற குவளையை ஆரம்பத்திலேயே ஏழு எட்டு மில்லிமீட்டர் கனத்தில் வனையச் சொல்வதும் இதனால்தான். என் முதல் பூச்சாடியில் நான் இதைக் கவனிக்கவில்லை. கொடி அழகாக வருகிற உற்சாகத்தில் வெட்டிக்கொண்டே போனேன். தண்டு வளையும் ஓர் இடத்தில் சுவர் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. காயும்போதே அந்த மெல்லிய இடம் முதலில் சுருங்கி, பக்கத்துக் கனத்த மண் விடாமல் பிடிக்க, தண்டின் மேலேயே வெடிப்பு ஓடிவிட்டது. இப்போதெல்லாம் வெட்டும்போது இடது கை விரலைச் சாடியின் உள்பக்கம் வைத்துக்கொள்கிறேன். கருவியின் அழுத்தம் அந்த விரலில் தெரிய ஆரம்பித்தால் போதும், நிறுத்திவிடுவேன்.

மூன்றாவது ஸ்கிராஃபிட்டோ. இத்தாலிய மொழியில் கீறியது என்று பொருள். மண் நிறம் ஒன்று, மேலே பூசிய குழம்பின் நிறம் வேறு. மேல்பூச்சைச் சுரண்டினால் அடி நிறம் தெரியும். புதியவர்கள் கைக்கு இதைவிடச் சீக்கிரம் பலன் தருவது வேறில்லை என்பது என் அனுபவம். செட்டிநாட்டு மண்ணுக்கும் இது பொருத்தம். சிவப்பு மண்ணில் வெள்ளைக் குழம்பு பூசிச் சுரண்டினால், அரிசிமாவில் இழைத்த நடுவீட்டுக் கோலத்தின் இரண்டு நிறமும் அப்படியே வரும். கோலத்தை வெள்ளையில் வேண்டுமென்றால் கோலத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள தரையைச் சுரண்ட வேண்டும். கோட்டை மட்டும் சுரண்டினால் வெள்ளைத் தரையில் சிவப்புக் கோலம். எது வேண்டும் என்று தாளிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், பாதியில் மாற்ற முடியாது.

வெள்ளைக் குழம்புக்குச் சைனா களிமண்ணும் (china clay) பால் க்ளே (ball clay) என்கிற களிமண்ணும் சம அளவு எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய வடிகட்டியில் இரண்டு தடவை வடியுங்கள். கெட்டி மோர் மாதிரி இருக்க வேண்டும், தூரிகையில் இருந்து சொட்டாமல் தடவ வர வேண்டும். பூசும் நேரம் தோல்பதத்துக்குக் கொஞ்சம் முன்னால், மண் இன்னும் சற்று நெகிழ்ந்திருக்கும்போது. காய்ந்த மண்ணில் பூசினால், அடி மண் சுருங்கி முடித்திருக்கும், மேல்பூச்சு அதற்குப் பிறகு சுருங்க ஆரம்பித்து உரிந்து விழும். முதல் பூச்சு குறுக்காக, அதன் மினுமினுப்புப் போனதும் இரண்டாவது நெடுக்காக, தேவைப்பட்டால் மூன்றாவது. விரலால் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும் சுரண்டலாம். உங்கள் மண்ணோடு குழம்பு ஒத்துப்போகிறதா என்று ஒரு சின்ன ஓட்டில் பூசிச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெரிய வேலையில் இறங்க வேண்டும்.

ஸ்கிராஃபிட்டோவுக்கு முதல் பாடமாக நான் கொடுப்பது கண்டாங்கிக் கட்டம். நெடுக்கே கோடு, குறுக்கே கோடு, கட்டம் விட்டுக் கட்டம் சுரண்டல். கோடு கொஞ்சம் கோணினாலும் கட்டம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பத்துக் கட்டம் வெட்டுவதற்குள் கை நேராகிவிடும்.

மிஷிமா என்பது ஸ்கிராஃபிட்டோவுக்கு நேர் எதிர். கோட்டைக் கீறி, அதற்குள் வேறு நிறக் குழம்பை நிரப்பி, கொஞ்சம் இறுகியதும் மேலே வழிந்ததை உலோகத் தகட்டால் வழித்தெடுப்பது. கோடு மட்டும் நிறமாக நிற்கும், கத்தியால் வெட்டியது போலச் சன்னமாக. பேர் ஜப்பானுடையது, வேலையின் உச்சத்தைத் தொட்டவர்கள் கொரியாவின் கொர்யோ அரச காலத்துக் குயவர்கள். அவர்கள் அதைச் சங்காம் என்றார்கள். நிரப்பும் குழம்பு சுருங்கிக் குழியும், அதனால் இரண்டு மூன்று தடவை நிரப்ப வேண்டும். பொறுமை உள்ளவர்கள் ஸ்கிராஃபிட்டோ கைவந்தபின் முயலலாம்.

துளை வெட்டுவதைப் பற்றியும் கேட்பார்கள், விளக்குக் கூடு செய்ய ஆசைப்பட்டு. துளைக்கும் துளைக்கும் நடுவில் குறைந்தது ஒரு விரல் மண் விடுங்கள். மூலையைக் கூராக வெட்டாமல் வட்டமாக முடியுங்கள், வெடிப்பு மூலையில்தான் தொடங்கும். தோல்பதத்திலும் சற்று இறுகிய பக்கம் இதற்கு நல்லது. ஐந்தாறு ஓடும் நாலைந்து குவளையும் முடிக்காமல் துளையில் இறங்க வேண்டாம்.

காயவைப்பதும் சுடுவதும்

செதுக்கிய பொருளில் கனம் ஏறியும் இறங்கியும் இருக்கும், அதனால் ஒரே சீராகக் காயாது. செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையைத் தளர்வாக மூடி, நிழலில் ஒரு வாரமாவது விடுங்கள். முற்றத்தில் வைத்தால் காற்று ஒரு பக்கமாக அடித்து அந்தப் பக்கம் முந்திக் காயும். உள்ளறைதான் சரி. ஓடுகளைக் கம்பி வலைத் தட்டின் மேல் வைத்து, தினம் ஒரு தடவை திருப்பிப் போடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காய்ந்த மண்ணை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வருஷக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரலைத் தழும்பாக்கும், அதற்குப் பிறகு சரிசெய்ய வழியில்லை. பிசிறை ஈர ஸ்பாஞ்சால் எடுங்கள். தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். களிமண் பொடியோ சாயப்பொடியோ கலக்கும்போது என்-95 மாஸ்க் போடுங்கள். சமையலறை மேடையிலும் குழந்தைகள் தூங்கும் அறையிலும் இந்த வேலை வேண்டாம்.

சுடுவதற்கு, அருகில் உள்ள வேளார் சூளையில் கேட்டால் பானைகளோடு சேர்த்து வைத்துத் தருவார்கள். விறகும் வைக்கோலும் போட்டு எரிக்கும் சூளையில் 700 முதல் 900 டிகிரி வரை போகும். நம் பக்கத்து அய்யனார் கோயில் புரவிகளும் இப்படிச் சுட்ட மண்தான். புகை பட்டு ஒரு பக்கம் கறுத்து வந்தாலும் செதுக்கிய வேலைக்கு அது அழகாகவே இருக்கும். முழுக்கக் காயாத பொருளை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் நூறு டிகிரியில் ஆவியாகி, வெளியேற வழி கிடைக்காமல் பொருளை வெடிக்க வைக்கும். சிதறும் துண்டு பக்கத்தில் இருக்கிற அடுத்தவர் பானையையும் உடைக்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மின்சூளை கிடைத்தால் முதல் நூறு டிகிரியை மூன்று நான்கு மணி நேரம் எடுத்துத் தாண்டுங்கள். 573 டிகிரி அருகே மண்ணில் உள்ள குவார்ட்ஸ் திடீரென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே அவசரம் கூடாது. முதல் சூடு 950 முதல் 1000 டிகிரியில் முடிந்தால் கிளேஸ், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடி போலப் படியும் மேல்பூச்சு, பூசத் தயார்.

கிளேஸ் விஷயத்தில் என் அபிப்பிராயம் ஒன்றுதான்: கெட்டியான, மறைக்கும் வெள்ளைக் கிளேஸைச் செதுக்கிய வேலையில் ஊற்றாதீர்கள். பத்து மணி நேர உழைப்பு ஒரே நிமிஷத்தில் மூடிப்போகும். ஒளி ஊடுருவும் மெல்லிய கிளேஸ் பள்ளத்தில் கொஞ்சம் அதிகமாகத் தேங்கும், அங்கே நிறம் ஆழமாகும், மேட்டில் வெளுக்கும். நீங்கள் வெட்டிய ஒவ்வொரு கோடும் அப்போது கண்ணுக்குத் தெரியும். சாப்பிடும் பாத்திரமென்றால் ஈயம் கலக்காத கிளேஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

கிளேஸே இல்லாமல் முடிக்கவும் ஒரு வழி உண்டு, முதல் ஓடுகளுக்கு நான் சொல்வது அதுதான். இரும்பு ஆக்சைடை, ரெட் ஆக்சைடு என்று கேட்டால் கிடைக்கும், தண்ணீரில் தளரக் கரைத்து, முதல் சூடு முடிந்த ஓட்டின் மேல் தூரிகையால் பள்ளம் நிரம்பப் பூசுங்கள். ஒரு நிமிஷம் விட்டு, பிழிந்த ஸ்பாஞ்சால் மேட்டை மட்டும் துடையுங்கள். ஸ்பாஞ்சைப் பள்ளத்துக்குள் அழுத்தாமல், மேலாகத் தடவ வேண்டும். மேடு மண் நிறத்துக்குத் திரும்பும், பள்ளத்தில் கறுஞ்சிவப்பு நிற்கும். இன்னொரு தடவை சூளைக்கு அனுப்பினால் அந்த நிறம் பிடித்துக்கொள்ளும். வெள்ளை மண்ணிலும் வெளிர் நிற மண்ணிலும் இது நன்றாக எடுக்கும். கண்மாய் மண்ணைப் போல அடர் சிவப்பாக இருந்தால், ஆக்சைடுக்குப் பதில் வெள்ளைக் குழம்பைத் தளரக் கரைத்து அதே மாதிரி பூசித் துடையுங்கள்.

ஓட்டின் பின்பக்கம் தேதியும், மண் எங்கிருந்து எடுத்தது என்பதும், எத்தனை மணி நேரம் காய்ந்தபின் வெட்டியது என்பதும் கீறி வைத்திருந்தால், சூளையில் இருந்து வரும்போது சித்திரத்தோடு அதுவும் சேர்ந்து வரும். அடுத்த ஓட்டுக்கு மண்ணைத் தேய்ப்பதற்கு முன்னால் அதைத் திருப்பி ஒரு தடவை படித்துவிட்டுத் தொடங்குங்கள்.